எதிர்த் திசையில் போட்ட கூடாரம்

1

அட்டைப்பெட்டியின் வாயைக் கத்தரிக்கோலால் கிழித்ததும் அந்த வாசனை எழுந்து வந்தது. ரப்பர், டால்கம் பவுடர், கொஞ்சம் ஈரக் காகிதம். பெட்டி நிறைய ஆணுறைகள். ஜன்னலுக்கு வெளியே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. நான் பெட்டிக்குள் மூக்கை விட்டபடி அப்படியே நின்றுவிட்டேன். என் மேலதிகாரி மார்ட்டின் ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்க்கட்டும். அவனுக்கு அது சரக்கு. எனக்கு அது கார்த்திகை மாதம். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் மழையில் ஊறிய கேன்வாஸ் கூடாரம். அதற்குள் பச்சை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற என் அக்கா.

வீட்டுச் சமையலறையில் தொங்கும் ஊர்க் காலண்டர், இந்த வாரம் தீபம் என்கிறது. இங்கே தீ என்றால் கணப்பு. அதுவும் எரிவாயுவில் எரிகிற பொய்க் கரி.

நான் இங்கே நகரசபைச் சுகாதாரப் பிரிவில் மொழிபெயர்ப்பாளன். எய்ட்ஸ் வந்ததிலிருந்து எங்கள் பிரிவுக்குப் புதுக் களை வந்திருக்கிறது. முன்பெல்லாம் தலையில் பேன், தண்ணீரில் புழு என்று எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது மரணத்தைப் பற்றி எழுதுகிறோம். நாற்காலிகளுக்குக்கூடப் புது உறை போட்டுவிட்டார்கள்.

2

மார்ட்டின் நல்ல பையன். முப்பது வயதுக்குள் முடியெல்லாம் போய்விட்டது, நம்பிக்கை மட்டும் போகவில்லை. மனித நடத்தையை மாற்றுவது எப்படி என்று படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறான். ஸ்லைடு போட்டுச் சுவரில் ஒரு படம் காட்டுவான். படிக்கட்டு. முதல் படி அறிதல், அடுத்தது அஞ்சுதல், அடுத்தது எண்ணுதல், மேல் படி செய்தல். ஒரு பொம்மை மனிதன் ஏறிக்கொண்டே இருப்பான். அவனுக்கு மாமியார் கிடையாது, பக்கத்து வீடு கிடையாது, சம்பளம் பிடிக்கிற முதலாளி கிடையாது. காற்றில் நிற்கிற படிக்கட்டில் காற்றால் செய்த மனிதன்.

அந்தப் படிக்கட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். "எந்த ஆய்விதழில்?" என்று ஆவலாகக் கேட்டான். மாட்டுச் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிற ஆவல்.

நான் விடுப்பில் இருந்தபோது வெளியாளிடம் கொடுத்துச் செய்த தமிழ்த் துண்டறிக்கை ஒன்று உண்டு. 'உங்கள் பங்குதாரருடன் மனம் விட்டுப் பேசுங்கள்' என்று அச்சடித்து, தமிழ்ப் பெயர் உள்ள வீடுகளிலெல்லாம் போட்டுவிட்டார்கள். முனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, என்ர பங்குதாரர் என்ர மச்சான். அவரோட நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"கடையைப் பத்திப் பேசுங்க அண்ணே."

"கடையைப் பற்றிக் கதைச்சால் அடிபிடிதான் வரும். ஆணுறை எண்டு வேற போட்டிருக்கு!"

அவர் சிரித்தார், நான் சிரித்தேன். மறுவாரம் மார்ட்டின் கொடுத்த அறிக்கையில், 'தமிழ்ச் சமூகத்தில் இவ்விஷயத்தை ஏற்கும் மனநிலை குறைவு' என்று இருந்தது. எங்கள் மனநிலையை எங்களைவிட எவ்வளவு சுருக்கமாக எழுதிவிடுகிறார்கள்.

3

இனி ஊருக்கு வருகிறேன். எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் திருவண்ணாமலையில் சுகாதார அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். தட்டச்சு போக மீதி நேரத்தில் கவிதை. கவிதை போக மீதி நேரத்தில் டீ.

என் அக்கா வசந்தாவை ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் கொடுத்திருந்தோம். அப்போது அங்கே கலெக்டர் ஆபீசும் கிடையாது, காலனியும் கிடையாது. வேர்க்கடலைக் கொல்லைகளும் நாலு தெருக்களும்தான். மாமா லாரி ஓட்டினார், பம்பாய் லைன். போனால் வருவது எப்போது என்று லாரிக்கே தெரியாது. அக்காவுக்கு இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் கலைந்தது. இரண்டாவது கலைந்தபோது பார்த்த நர்சு மும்தாஜ் அக்கா எங்கள் அலுவலகத்துக்குச் சம்பளம் வாங்க வருபவர். பெரிய தெருவில் தலைமுறையாகப் பாய்க்கடை வைத்திருக்கும் குடும்பம். ஒருநாள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"உங்க அக்காவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும்ப்பா. லாரிக்கார வூட்டு அம்மாங்க நெறைய பேருக்கு இப்டிதான் கலையுது. ஊசி போட்டா சரியாப்பூடும். லேட் பண்ணாத."

என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. ஊரில் அதற்குப் பெயர் பொம்பளைச் சீக்கு. ஆம்பிளை வாங்கி வருவான், பெயர் பொம்பளைக்கு. இந்த ஒரு பெயரை மாற்றியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அதற்கு எவனும் திட்டம் தீட்டவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அதற்குத் தனி அறை உண்டு, எட்டாம் நம்பர். ரத்தம் எடுத்துப் பார்ப்பது அங்கே மட்டும்தான். ஊரில் யாரையாவது கேலி செய்ய வேண்டுமென்றால், "இன்னாடா, எட்டாம் நம்பர் பக்கமா காத்து வாங்கறியா?" என்பார்கள். அந்த அறை வாசலைப் பெருக்குகிறவள் அக்காவின் மாமியாருக்குத் தங்கை. பிறகு எங்கே போவது?

இதற்குள் அக்காவுக்கு மூன்றாவது முறை தங்கிவிட்டது. மூன்று மாதம். இதுவும் போனால் மாமா வேறு கல்யாணம் செய்துகொள்வார் என்று மாமியார் பட்டம்மாள் ஜாடையாகச் சொல்லவில்லை, நேராகவே சொன்னார். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் இதுதான்: யார் கண்ணிலும் படாமல் கொஞ்சம் ரத்தம் கொடுக்க ஒரு இடம்.

4

அந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து நிபுணர் வந்தார். பழுப்பு நிற சஃபாரி சூட். அமெரிக்காவில் படித்தவர். டாக்டர் என்றார்கள், ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மனத்துக்கு வைத்தியம் செய்கிற டாக்டரும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் வரைபடம் போடுகிற டாக்டர். எங்கள் அலுவலகக் கரும்பலகையில் படிக்கட்டு வரைந்தார். அறிதல், அஞ்சுதல், எண்ணுதல், செய்தல்.

"தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் மலையைச் சுற்றுகிறார்கள். கிரிவலப் பாதையிலேயே மேக நோய் முகாம் போடுகிறோம். முதலில் அச்சத்தை உண்டாக்க வேண்டும்," என்றார்.

அச்சத்தை உண்டாக்க ஒரு ஓவியரைப் பிடித்து நாகப்பாம்பு வரையச் சொன்னார்கள். பாம்புக்குப் பெண் முகம். நெற்றியில் பொட்டு, தலையில் கனகாம்பரம். கீழே இரண்டு வரி வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். 'பூவாய்ச் சிரிக்கும், பல்லில் நஞ்சிருக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். கடவுளே. இன்றைக்கும் அந்த வரி கனவில் வந்து எதுகை மோனையோடு என்னை விரட்டுகிறது.

கூடாரங்கள் பழையவை. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களுக்கு ஓடிக் களைத்தவை. மேலே சிவப்பு முக்கோணம் அப்படியே இருந்தது. எமர்ஜென்சியில் அந்த முக்கோணத்தைக் கண்டால் ஆம்பிளைகள் கரும்புக் கொல்லைக்குள் புகுந்த ஊர் இது. "சார், முக்கோணத்து மேல சுண்ணாம்பு அடிச்சிட்டா நல்லது," என்றார் மும்தாஜ் அக்கா. கேன்வாஸ் கெட்டுவிடும் என்று பதில் வந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். இனிச் சொல்லப்போவதுதான் விஷயம்.

மலை வலப்பக்கம் இருக்கும்படி நடப்பதுதான் கிரிவலம். கோயிலில் புறப்பட்டு, செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி, மேற்கே திரும்பி, அடி அண்ணாமலை வழியாக வந்து, காஞ்சி ரோட்டில் ஏறி மறுபடி ஊருக்குள் நுழைய வேண்டும். குழந்தையும் இதை அறியும். நம் ஊரில் மாடுகூட இந்தப் பக்கமாகத்தான் சுற்றும். நிபுணரின் ஜீப் மட்டும் குறுக்கு வழி என்று காஞ்சி ரோடு பக்கமாக வந்தது, அதாவது எதிர்த் திசையில். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து, முதலில் பதிவுக் கூடாரம், கூப்பிடு தூரம் தள்ளி ரத்தக் கூடாரம் என்று போட்டுவிட்டார்கள். ஜீப்புக்கு அது சரி.

நடந்து வருகிறவர்களுக்கு முதலில் வருவது ரத்தக் கூடாரம். அங்கே நின்றால், "மொதல்ல முன்னாடி போயி டோக்கன் வாங்கினு வாங்க" என்பார்கள். முன்னால் போய் டோக்கன் வாங்கினால், "பின்னாடி அந்தக் கூடாரத்துக்குப் போங்க" என்பார்கள். மலையை இடது கையில் வைத்துக்கொண்டு, எதிரே வருகிற ஜனத்தைப் பிளந்துகொண்டு திரும்பி நடக்க வேண்டும். வேண்டுதலோடு வருகிற எவள் நடப்பாள்? எவன் நடப்பான்?

ஒருவரும் நடக்கவில்லை. அரோகரா என்று பெரிய வெள்ளம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. ஜனங்களின் நடத்தையைப் படிக்க வந்தவர் அதன் நட்ட நடுவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜனங்கள் ஏன் அசைய மாட்டேன் என்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். ரத்த மேசையைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டால் போதும் சார் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அது ஏற்பாடு. நாம் ஆராய்வது மனோபாவம்," என்றார்.

5

தீபத்துக்கு முந்தின நாள் காலை. தூறல். பதிவு மேசையில் டோக்கன் கொடுக்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். அக்கா மாமியாரோடு வந்தாள். அந்தச் சுற்றே இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்று பட்டம்மாள் வேண்டிக்கொண்ட சுற்று. "தம்பியப் பாத்துட்டு வரேன் அத்த, நீங்க காலை நீட்டி உக்காருங்க," என்று அவரைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு அக்கா உள்ளே வந்தாள். பச்சை அட்டையில் எண் போட்டு நீட்டினேன். அவள் பார்வை பாம்புப் படத்தில் நின்றது.

"இன்னாடா இது, பாம்பு பொட்டு வெச்சிக்கினு கீது?"

"பயப்படறதுக்கு."

"உங்க மாமா மாதிரி மீசை வெச்சி வரைஞ்சிருந்தா பயப்பட்டிருப்பேன். சரி, எங்க ரத்தம் எடுக்கறது?"

"நீ தாண்டி வந்தியே, அந்தக் கூடாரம்."

"பின்னாடியா?"

"ஆமாக்கா. கொஞ்ச தூரம்தான்."

அவள் புளியமரத்தைப் பார்த்தாள். மாமியார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலைய இந்தக் கைல வெச்சிக்கினு நடக்கச் சொல்றியா? அத்த கண்ணு முன்னாடி?" குரலைத் தாழ்த்தினாள். "நடந்துட்டேன்னு வையி. நாளைக்கே இது கலைஞ்சிப் போச்சின்னா, சீக்கால போச்சின்னா சொல்லுவாங்க? இவ வேண்டுதல இவளே திருப்பிட்டான்னு தான்டா சொல்லுவாங்க. அப்புறம் உங்க மாமாவுக்குக் கல்யாண மாலை கட்ட வேண்டியதுதான்."

நான் நிபுணரிடம் ஓடினேன். ஒரே ஒருத்தருக்கு, ரத்தக் கூடாரத்திலிருக்கும் மும்தாஜ் அக்காவை இங்கேயே கூப்பிட்டு எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வரிசை மாறினால் ஆய்வு கெட்டுவிடும் என்றார். திரும்பி வந்தபோது அக்கா அட்டையை மடியில் செருகிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டிருந்தாள். மஞ்சள் புடவை. கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் போகிற வெள்ளத்தில் ஒரு முதுகை எவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியும்?

6

மறுநாள் தீபம். முன்பகலிலேயே நிபுணர் கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். 'மூடநம்பிக்கை, அறியாமை, ஒத்துழைப்பின்மை' என்று என்னிடம் வாசகம் சொன்னார்; நான் தட்டினேன். தட்டச்சு இயந்திரத்துக்கு வெட்கம் கிடையாது, எது சொன்னாலும் அடிக்கும்.

பதிவுக் கூடாரம் விழுந்துவிட்டது. பாம்புப் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ரத்தக் கூடாரத்தில் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. அப்போது செங்கம் ரோடு பக்கத்திலிருந்து, அடி அண்ணாமலைச் சேற்றை முழங்கால்வரை அப்பிக்கொண்டு, ஊரோடு சேர்ந்து சரியான திசையில், அதே மஞ்சள் புடவை நடந்து வந்தது.

அக்கா மலையை இன்னொரு முறை சுற்றி வந்திருந்தாள். பின்னால் கிடந்த மேசையை முன்னால் கொண்டுவர அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. மாமியாரிடம், "அத்த, இன்னொரு சுத்து வேண்டிக்கினேன்" என்றிருக்கிறாள். அவருக்கு ஏகச் சந்தோஷம்; கால்தான் எழவில்லை. "தனியா போயி வாம்மா, பாத்து நட," என்று விபூதி பூசி அனுப்பியிருக்கிறார். மூன்று மாத வயிறு, மழை, இத்தனை பெரிய மலை.

நேராக ரத்தக் கூடாரத்துக்குள் போனாள். மடியிலிருந்து பச்சை அட்டையை எடுத்து நீட்டினாள். நனைந்து எண் அழிந்துவிட்டிருந்தது.

"டோக்கன் முன்னாடியே வாங்கினேன்க்கா," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

மும்தாஜ் அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கத்தினார். "டேய்! அந்தக் கயித்த உட்ரா! கட்டுடா மறுபடியும்!"

ஒற்றைக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த கேன்வாஸுக்குக் கீழே, கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து ஊசியை எடுத்து ரத்தம் எடுத்தார்கள்.

செய்தி கேட்டு நிபுணர் ஓடி வந்தார். அவர் முகத்தில் தீபமே ஏறிவிட்டது. சுருட்டிய படத்தைத் தானே விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, எந்தப் படத்தைப் பார்த்து உங்கள் மனம் மாறியது?"

அக்கா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பாம்பையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நல்லா கீது சார். அடுத்த தபா கம்மலும் போட்டு உடுங்க."

அறிக்கையின் கடைசிப் பத்தியை நான்தான் தட்டினேன். 'அச்சமூட்டும் சித்திரம் ஒரு நாள் தாமதத்துக்குப் பின் பயனளிக்கிறது.' இந்தக் கண்டுபிடிப்புக்காக அவர் எங்கெங்கே மாலை வாங்கினாரோ, மலைக்குத்தான் வெளிச்சம்.

7

ரத்தத்தில் நோய் இருந்தது. மும்தாஜ் அக்கா வீட்டில் வைத்து அக்காவுக்கு ஊசி போட்டார். மாமா பம்பாயிலிருந்து வந்து இறங்கியதும் அக்கா நேராகக் கேட்டாளாம்: "புள்ள வேணுமா, மானம் வேணுமா?"

"ரெண்டுந்தான் வேணும்," என்றாராம் மாமா, தலை நிமிராமல்.

"ரெண்டும் வேணும்னா பின்வாசல் வழியா வா."

பாய்க்கடைக்குப் பின்பக்கம் ஒரு சந்து. அதன் முடிவில் ஒரு கதவு. அந்தக் கதவு வழியாகப் போனவர் மாமா ஒருவர் மட்டுமல்ல, பிறகு பல லாரிக்காரர்கள் போனார்கள். அங்கே பாம்புப் படம் கிடையாது. உட்காரப் பாய் இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. தீபா. பட்டம்மாளைக் கேட்டால் இரண்டு சுற்று சுற்றிய பலன் என்பார். தப்பு என்று எப்படிச் சொல்வது?

8

இங்கே எங்கள் நகரசபை இப்போது பால்வினை நோய்களுக்குப் புதுச் சிகிச்சை நிலையம் திறக்கப்போகிறது. நூலகத்துக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தபடி, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. ஒளிவுமறைவற்ற மனநிலையை வளர்க்குமாம். என் மகள் மீனாவுக்குப் பதினாறு வயது. என்னோடு தமிழில் தொடங்கி, நடுவில் களைத்து, ஆங்கிலத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆணுறைத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிற அப்பா என்பதால் பள்ளிக்கூடத்தில் என் வேலையைச் சொல்வதில்லை. கட்டட வரைபடத்தை மேசையில் பார்த்துவிட்டு அவளாகவே வாயைத் திறந்தாள்.

"இதுக்குள்ள யார் போவா, அப்பா? பஸ் ஸ்டாப்பில எல்லா ஆன்ட்டியும் நிப்பாங்களே. என் கிளாஸ்ல ஒருத்தரும் போக மாட்டாங்க."

எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. ஊரே தெரியாத பெண்ணுக்குள் அக்கா எட்டிப் பார்க்கிறாள். ஆனால் அந்த 'ஒருத்தரும்' என்பதில் யார் யார் அடக்கம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவளும் கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கூட்டத்தில் சொன்னேன். கண்ணாடியை எடுங்கள், வாசலைப் பின்சந்தில் வையுங்கள், மீதியை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். மார்ட்டின் கனிவாகச் சிரித்தான். அது கட்டடத் துறையின் விஷயம், நம்முடையது நடத்தை என்றான். கூட்டக் குறிப்பில் ஒரு வரி சேர்ந்தது: 'மொழிபெயர்ப்பாளர் ஒரு கதவைப் பற்றிக் கருத்துத் தெரிவித்தார்.' கண்ணாடியில் ஒட்டப் புதுச் சுவரொட்டி வருகிறது. கறுப்புப் பின்னணி, நடுவில் மண்டை ஓடு. பொட்டு மட்டும்தான் பாக்கி.

ஆணுறைப் பெட்டியை மூடி ஒட்டினேன். வாசனை விரலில் நின்றுவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பிய நாளிலும் விரலில் இந்த வாசனைதான். கடைசி வேலையாக அலுவலகக் கிடங்கில் இதே மாதிரிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அக்கா தீபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மெட்ராஸ் பஸ் புறப்பட்டு நகரும்போதுதான் டீக்கடை பெஞ்சில் ஸ்வெட்டரை விட்டுவிட்டது நினைவு வந்தது. படிக்கட்டில் இறங்கக் காலை வைத்தேன். அக்கா பஸ்ஸோரமாக ஓடி வந்து கையைக் காட்டித் தடுத்தாள். குழந்தையும் அவளைப் போலவே கையைக் காட்டியது.

"எறங்காத, எறங்காத! ஸ்வெட்டர நான் பார்சல்ல போடறேன். எதுக்க நடக்கிறது நம்மளுக்கு ஆவாதுடா. நீ சுத்திக்கினே வா, எவ்ளோ பெரிய சுத்தா இருந்தாலும் பரவால்ல. நான் இங்கதான் இருப்பேன்."